பாறை வகுத்த வழி

லண்டன் மேரில்போன் நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வெண்டோவரில் இறங்கிவிடலாம். பக்கிங்காம்ஷயரில் உள்ள சிற்றூர். நிலையத்தை விட்டு வெளியே வந்து மேற்கே பார்த்தால் புல் போர்த்திய சரிவு ஒன்று எழுந்து நிற்கும். அதன் உச்சியில் ஒரு கல்தூண் தெரியும். போயர் போரில் இறந்த இந்த வட்டாரத்து வீரர்களுக்காக 1904இல் எழுப்பியது. அதுதான் கூம் ஹில், கடல்மட்டத்திலிருந்து 260 மீட்டர். நீலகிரியையும் கொடைக்கானலையும் பார்த்த கண்ணுக்கு அது வெறும் மேடு. ஆனால் அந்த மேட்டில் ஏறி, சில்டர்ன் குன்றுகளின் விளிம்போடு நடந்து, பீச் மரக் காடுகளுக்குள் புகுந்து, மாலையில் அதே ரயில் நிலையத்துக்குத் திரும்பும் ஒரு வட்டத்தை வரைந்தால் சுமார் 22 கிலோமீட்டர் வரும். ஒரு முழுப் பகலுக்கான நடை. ஊர்ப்பெயர்களை வரிசையாகக் கோத்துவிட்டால் அதற்குத் திட்டம் போட்டதாகாது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, எங்கே சேறு காலைப் பிடிக்கும், எங்கே வழி தவறும் என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்குக்கும் பதில் சொல்வது தரைக்கு அடியில் இருக்கும் ஒரே பாறை.

அந்தப் பாறை சாக். நம் வழக்கில் சீமைச்சுண்ணாம்பு. கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பாதியில், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்றைய தென் இங்கிலாந்தின் மேல் வெதுவெதுப்பான கடல் பரவிக் கிடந்தது. கரை வெகு தூரத்தில் இருந்ததால் ஆறுகள் அடித்துவரும் வண்டலும் மணலும் இங்கே வந்து சேரவில்லை. சேர்ந்ததெல்லாம் நுண்பாசிகளின் மிச்சம். காக்கோலித்தோஃபோர் என்ற ஒருசெல் பாசி, தன்னைச் சுற்றிச் சுண்ணத் தகடுகளை அடுக்கிக்கொள்ளும். பாசி செத்ததும் தகடுகள் உதிர்ந்து கடலடிக்கு இறங்கும். ஒரு தகட்டின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அவற்றுக்குக் காக்கோலித் என்று 1858இல் பெயர் வைத்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. பத்தாண்டு கழித்து, 1868இல், நார்விச் நகரில் உழைக்கும் மக்கள் கூடிய அரங்கில் ஒரு துண்டு சாக்கை வைத்துக்கொண்டு பூமியின் பழைய வரலாற்றையே அவர் விளக்கினார். பொதுமக்களுக்கான அறிவியல் உரைகளில் அதை மிஞ்சியது இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

ஆயிரம் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் படிந்தது என்று வைத்துக்கொள்வோம். வெண்டோவரிலிருந்து கூம் ஹில் உச்சி வரை ஏறும் சுமார் 130 மீட்டரும் 65 லட்சம் ஆண்டுகளின் படிவு. நாம் அதை முக்கால் மணி நேரத்தில் ஏறி முடிக்கிறோம்.

அதே காலத்தில் நம் அரியலூரும் கடலடியில்தான் இருந்தது. இன்று அங்கே சிமென்டுக்காக வெட்டப்படும் சுண்ணக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்றது. அம்மோனைட்டுகளும் சிப்பி ஓடுகளும் அந்தப் பகுதியில் கிடைப்பது அதனால்தான். ஆனால் அரியலூரில் இருந்தது கரையோரத்து ஆழங்குறைந்த கடல். மணலும் களியும் கலந்தே படிந்தன. சில்டர்னின் சாக்கில் அந்தக் கலப்பு மிகக் குறைவு. அந்தத் தூய்மைதான் இந்த நடையை இப்படி அமைத்திருக்கிறது.

தூய வெள்ளைக்குள் அயலாக இருப்பது ஒன்றே ஒன்று, சிக்கிமுக்கிக் கல். கடற்பஞ்சு போன்ற உயிர்களின் உடம்பில் இருந்த சிலிக்கா கரைந்து, கடலடிச் சேற்றில் உயிர்கள் குடைந்த வளைகளில் மறுபடி இறுகிக் கல்லானது. உழுத வயலோரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளியே வெள்ளைத் தோல். உடைந்த பக்கத்தில் வழுவழுப்பான கருமை. விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் வெட்டிவிடும். சில கற்களில் பழைய வளையின் கிளைகூட அப்படியே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகி சாக்கைக் கரைக்கிறது. இந்தக் கல்லை அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. குன்றின் மேற்பரப்பு காலங்காலமாகக் கரைந்து போக, கற்கள் எஞ்சின. மேலே முன்பு கிடந்த பழைய களிமண் படிவுகளின் மிச்சம் அவற்றோடு கலந்தது. இப்படிக் குன்றுகளின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கல் கலந்த களிமண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேற்றைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

ஆல்ப்ஸ் மலைகள் எழுந்த காலத்து நெருக்கலில் இந்தச் சாக் படுகையும் லேசாக மடிந்தது. லண்டனுக்கு அடியில் தொய்ந்து, தெற்கே நார்த் டவுன்ஸாகவும் வடமேற்கே சில்டர்னாகவும் அதன் விளிம்புகள் நிமிர்ந்தன. சில்டர்னுக்கு வடமேற்கே இருந்த மென்மையான களிமண் அரித்துப்போய் எய்ல்ஸ்பரி சமவெளி உண்டாயிற்று. அதனால் இந்தக் குன்றுத் தொடருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வடமேற்கு முகம் செங்குத்து. தென்கிழக்கு முதுகு லண்டனை நோக்கி மெல்ல மெல்லச் சரியும். ஒரு பக்கம் கட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் இறக்கிய ஓட்டுக்கூரையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி வரைபடத்தை விரிக்கலாம். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 181ஆம் தாள். 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். உயரக் கோடுகள் 5 மீட்டருக்கு ஒன்று. பச்சைப் புள்ளிக்கோடுகள் பொதுவழிகள். குறுங்கோடுகளாக இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும்; நீண்ட கோடுகளாக இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிமை உண்டு. தனியார் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஊடாக இப்படிப் பொதுவழி ஓடுவது இங்கிலாந்தின் பெரிய செல்வம் என்பேன். 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வட்டாரத்திலும் இந்த வழிகளை அளந்து சட்டபூர்வமான வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. ஒரு தடம் வரைபடத்தில் இருக்கிறது என்றால் அதில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நம் வட்டம் இப்படிப் போகிறது: வெண்டோவரிலிருந்து கூம் ஹில். அங்கிருந்து தென்மேற்காக, பிரதமரின் ஓய்வு இல்லமான செக்கர்ஸ் தோட்டத்தின் ஊடாக பல்பிட் ஹில். காட்ஸ்டனில் இறங்கி மறுபடி ஏறினால் வைட்லீஃப். அதுவரை பெரும்பாலும் ரிட்ஜ்வே என்ற தேசிய நடைபாதையின் தடம். ஓவர்ட்டன் ஹில்லிலிருந்து ஐவிங்கோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் ஓடுவது, 1973இல் முறையாகத் திறந்தது. வைட்லீஃபில் அதை விட்டுவிட்டுக் குன்றின் முதுகுக்குத் திரும்புகிறோம். கிரேட் ஹாம்ப்டன், லிட்டில் ஹாம்ப்டன், டன்ஸ்மோர், பிறகு வெண்டோவர். செக்கர்ஸ் பகுதியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அது பாதுகாக்கப்பட்ட இடம், தடத்தை விட்டு விலகினால் குற்ற வழக்கு.

எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இன்று மணிக்கு 5 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 10 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 22 கிலோமீட்டருக்கு 4 மணி 24 நிமிடம். மொத்த ஏற்றத்தை 500 மீட்டர் என்று கொண்டால் இன்னும் 50 நிமிடம். ஆக ஐந்தேகால் மணி நேரம். இதில் நின்று பார்ப்பதும் சாப்பிடுவதும் வேலிக் கதவுகளைத் திறந்து மூடுவதும் சேராது. நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கணக்கு நிலைத்திருப்பது அதன் எளிமையால். பழகியவர்களுக்கும் ஏழு மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

அந்த 500 மீட்டர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கூம் ஹில்லில் 130 மீட்டர் ஏறியாயிற்று, அதற்கப்பால் குன்றின் மேல்தானே நடக்கிறோம் என்று தோன்றும். வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தால் குன்றின் முதுகு தட்டையாக இல்லை. தென்கிழக்காக ஓடும் பள்ளத்தாக்குகள் அதை வரி வரியாகக் கீறியிருக்கின்றன. ஹாம்ப்டன் பாட்டம் அப்படி ஒன்று. அவற்றின் அடியில் நீலக்கோடு, அதாவது ஓடை, எங்கும் இல்லை. ஆறே இல்லாத ஆற்றுப் பள்ளத்தாக்கு.

சாக் மண்டலத்தின் இந்தப் புதிருக்கு விடை பனியுகம். சாக்கில் விழும் மழை மேலே ஓடாது, உள்ளே இறங்கிவிடும். ஆனால் பனியுகத்தின் கடுங்குளிரில் பனிப்படலம் இந்தக் குன்றுகளை மூடாவிட்டாலும் தரை ஆழம் வரை உறைந்து கிடந்தது. விரிசல்களை ஐஸ் அடைத்துவிட்டதால் கோடையில் உருகிய நீர் இறங்க வழியின்றி மேலேயே பாய்ந்து, உறைந்து நொறுங்கிய சாக்கை அரித்துப் பள்ளம் பறித்தது. குளிர் விலகியதும் விரிசல்கள் திறந்தன. தண்ணீர் பழையபடி உள்ளே போயிற்று. பள்ளத்தாக்கு மட்டும் நின்றுவிட்டது. வைட்லீஃபைக் கடந்த பிறகு நாம் ஏறி இறங்கும் ஒவ்வொரு பள்ளமும் அந்த உருகுநீரின் வேலை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த வறண்ட பள்ளத்தாக்குகள் பலவற்றில் இரு கரையும் ஒரே சரிவில் இல்லை. தென்மேற்கைப் பார்த்த கரை செங்குத்தாகவும், வடகிழக்கைப் பார்த்த கரை சாய்வாகவும் இருக்கும். பனியுகத்து வெயில் தென்மேற்கைப் பார்த்த கரையில் கூடுதலாக விழுந்து, உறைவதும் உருகுவதும் அங்கே மும்முரமாக நடந்ததே காரணம் என்பது பலர் சொல்லும் விளக்கம். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றல்ல. காரணம் எதுவானாலும் நடப்பவருக்குப் பலன் தெளிவு. கிரேட் ஹாம்ப்டனிலிருந்து டன்ஸ்மோர் பக்கம், அதாவது வடகிழக்காக, போனால் சாய்வான கரையில் இறங்கிச் செங்குத்தான கரையில் ஏறுவோம். எதிர்த்திசையில் வந்தால் செங்குத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

ஏறுவது மூச்சுக்குக் கடினம். இறங்குவது தசைக்குக் கடினம். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் வகுத்த சூத்திரத்தின்படி நாம் மிக வேகமாக நடப்பது சமதளத்தில் அல்ல, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் மெல்லிய சரிவில். அங்கே மணிக்கு 6 கிலோமீட்டர், சமதளத்தில் 5. இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியின் குழு 2002இல் வெளியிட்ட அளவீடுகளில், நடையின் ஆற்றல் செலவு மிகக் குறைவாக இருந்தது நூற்றுக்குப் பத்து இறங்கும் சரிவில். அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி கூடுகிறது. உடம்பைப் பிடித்து நிறுத்தவே சக்தி போகிறது. வட்டப் பாதையில் ஏறிய அளவு இறங்கியே தீர வேண்டும். ஆனால் செங்குத்தை ஏற்றத்துக்கும் சாய்வை இறக்கத்துக்கும் ஒதுக்குவது நம் கையில் இருக்கிறது. ஆகவே இந்த வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுவதுதான் என் தேர்வு: காலையில் முகம், மதியத்துக்கு மேல் முதுகு.

இந்தத் திசையில் வேறு நன்மைகளும் கூடிவருகின்றன. முகத்தின் விளிம்பிலிருந்து தெரியும் காட்சி வடமேற்கே இருப்பதால் காலை வெயில் நமக்குப் பின்னாலிருந்து விழுந்து சமவெளி முழுவதையும் துலக்கிக் காட்டும். மாலையில் அதே இடத்தில் சூரியன் கண்ணைக் கூசவைக்கும். ஒரு குறையும் உண்டு: இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, காலை முழுவதும் அது எதிரே அடிக்கும். முகத்திலேயே களைத்துப்போனால் குன்றின் அடிவாரத்தில் லிட்டில் கிம்பிள், மங்க்ஸ் ரிஸ்பரோ, பிரின்சஸ் ரிஸ்பரோ என்று ரயில் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடலாம். முதுகுப் பகுதியில் அந்த வசதி இல்லை. அதனால் வைட்லீஃபில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, தொடர்வதா திரும்புவதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். குளிர்காலத்தில் இதில் தயவு தாட்சண்யம் கூடாது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். நம் உடம்புக்குப் பழகிய மாலை அங்கே கிடையாது.

அடுத்தது தண்ணீர். சாக் பாறையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட வெற்றிடம் இருக்கும். ஆனால் துளைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் அவற்றில் புகுந்த நீர் அசையாமல் தங்கிவிடும். ஓடும் நீரெல்லாம் விரிசல் வழியாகவே இறங்கும். இறங்கி, அடியில் நீர்புகாத களிமண்ணில் முட்டி, குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவரும். வெண்டோவர், எல்லஸ்பரோ, கிம்பிள் ஆகிய பழைய ஊர்கள் ஒரே கோட்டில் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது அந்த ஊற்றுகளை நம்பித்தான். வரைபடத்தில் அந்த வரிசையைப் பார்த்தாலே நிலத்தடியில் பாறை எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். நமக்கு அதன் பொருள்: அடிவாரத்தை விட்டு மேலே ஏறிவிட்டால் ஊற்றும் கிடையாது, ஓடையும் கிடையாது. கோடையில் ஒருவருக்கு இரண்டு லிட்டராவது முதுகுப்பையில் இருக்க வேண்டும். நிரப்பிக்கொள்ள வழியில் உள்ள பப்புகள்தான் கதி. காட்ஸ்டனில் உள்ள ப்ளவ் என்ற பப்பில்தான் 2015 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன், சீன அதிபர் ஷி ஜின்பிங்கை அழைத்துவந்து பியர் வாங்கிக் கொடுத்தார். கிராமத்து பப்புகள் எல்லா நாளும் திறப்பதில்லை; முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

குன்றின் மேல் குடியிருந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர்ப் பஞ்சம் ஒரு நாள் பிரச்சினையாக இருக்கவில்லை. அதன் ஆழத்தைக் காட்டும் சான்று, நம் வட்டத்துக்குத் தெற்கே சில்டர்னின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பகுதியில், ஸ்டோக் ரோ என்ற ஊரில் நிற்கிறது. அது ஒரு கிணறு. வெட்டிக் கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். இந்தியாவில் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் உயர்பதவியில் இருந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்தவர். தன் ஊர்ப்பக்கம் மக்கள் தண்ணீருக்குப் படும் பாட்டை அவர் மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். வறட்சியில் வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு சிறுவன் அடிபட்ட கதையும் அதில் உண்டு என்பார்கள். மகாராஜா அதை மறக்கவில்லை. அவர் கொடையில் கையாலேயே வெட்டிய கிணறு 1864இல் திறக்கப்பட்டது. ஆழம் 368 அடி. லண்டன் புனித பால் பேராலயத்தின் உயரம் 365 அடி. நாலடி அகலக் குழிக்குள் மனிதர்கள் இறங்கி, களிமண்ணையும் சாக்கையும் வாளி வாளியாக மேலே அனுப்பி, அவ்வளவு ஆழத்தில்தான் தண்ணீரைக் கண்டார்கள். இன்றும் கிணற்றின் மேல் வெங்காய வடிவக் கூரையும் இறைக்கும் எந்திரத்தின் மேல் பொன்னிற யானையும் இருக்கின்றன. சில்டர்னில் நடக்கப் போகிறவர் ஒரு நாளாவது தனியாக ஒதுக்கி அதைப் பார்த்துவர வேண்டும். காசியில் கங்கைக் கரையில் இருந்தவருக்கு, தண்ணீர் தங்காத ஒரு குன்றின் கஷ்டம் புரிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

சாக் உறிஞ்சிய மழை ஊற்றாக வெளிவர மாதக்கணக்கில் ஆகும். அதனால் கிரேட் மிசெண்டன் பக்கம் பிறக்கும் மிஸ்போர்ன் போன்ற ஆறுகளின் மேற்பகுதி, மழை கொட்டும் நவம்பரில் வறண்டு கிடந்து, வானம் வெளுத்த மார்ச்சில் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்கு வழியாகக் கிளைப்பாதை சேர்க்க நினைப்பவர் வானிலை அறிக்கையை மட்டும் நம்பக் கூடாது. நிலத்தடி நீர் நிலவரத்தையும் பார்க்க வேண்டும்.

சேற்றுக்கு வருவோம். முகத்தில் மண் அரை அடிகூட இருக்காது. மழை விட்ட சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். கற்காலத்து மனிதர்களும் இந்த உயர்ந்த விளிம்பை ஒட்டி நடந்ததற்கு, கீழே சமவெளிக் களிமண் குளிர்காலம் முழுவதும் சொதசொதவென்று கிடந்ததும் ஒரு காரணம். ஆனால் காயும் முன்பு மிதித்தால் சாக் காலை வாரிவிடும். பல ஆயிரம் காலடிகள் தேய்த்து மழமழப்பாக்கிய வெள்ளைப் பாறை மேல் நனைந்த மாவு மெல்லிய படலமாக நிற்கும். செருப்பின் அடிப்பள்ளங்களை அது அடைத்துவிட்டால் பிடிமானமே கிடையாது. அந்த இடங்களில் தடத்தின் நடுவை விட்டு ஓரத்துப் புல்லில் நடக்க வேண்டும். முதுகில் நிலைமை தலைகீழ். முன்பு சொன்ன கல் கலந்த களிமண் அங்கேதான் இருக்கிறது. அது தண்ணீரை இறங்க விடாது. பூட்ஸில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கனக்கும். குதிரைகள் போகும் தடமானால் குளம்புகள் அதைக் குழம்பாக்கியிருக்கும். ஆகவே அக்டோபர் முடிந்து ஏப்ரல் வரைக்கும் முதுகுப் பகுதியில் வரைபடத்தின் நீண்ட கோடுகளைத் தவிர்த்துக் குறுங்கோடுகளைப் பிடிக்க வேண்டும். அப்படியும் நெய்ஸ்மித் கணக்கில் மணிக்கு 5 என்பதை 4 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும்.

காடு ஏன் உச்சியில் இருக்கிறது என்ற கேள்விக்கும் அந்தக் களிமண்தான் பதில். ஏர் இறங்காத, கல் நிறைந்த நிலத்தை உழவர்கள் மரத்துக்கு விட்டுவிட்டார்கள். அந்த மரம் லண்டனுக்கு விறகாகப் போயிற்று. பிறகு ஹை விக்கம் நகரில் நாற்காலித் தொழில் பெருகியபோது காட்டுக்குள்ளேயே பட்டறை போட்டு, வளையும் கம்பின் இழுப்பில் சுழலும் கடைசல் எந்திரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்து அனுப்பினார்கள். இன்று நாம் நடக்கும் பீச் காடுகள் பலவும் அந்தத் தொழிலுக்காகப் பேணி வளர்த்தவை. அதனால்தான் மரங்கள் ஒரே வயதுடையவையாக, நேர்கம்பமாக உயர்ந்து நிற்கின்றன.

பீச் காட்டின் நிழல் கனத்தது. இலை முழுதாக விரிந்துவிட்டால் அடியில் செடி கொடி வளர வெளிச்சம் கிடைக்காது. அதற்குள் முந்திக்கொண்டு பூத்து முடிப்பது புளூபெல். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் காட்டுத்தரை முழுவதும் நீலம் படரும். இந்த வட்டத்துக்கு ஆண்டில் ஒரே ஒரு வாரம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மே முதல் வாரத்தையே சொல்வேன். பகல் பதினைந்து மணி நேரத்தை நெருங்கியிருக்கும், சேறும் இறுகத் தொடங்கியிருக்கும்.

அடிச்செடிகள் இல்லாததால் காட்டில் எங்கு பார்த்தாலும் வழி போலவே தோன்றும். உதிர்ந்த செம்பழுப்பு இலைகள் உண்மையான தடத்தை மூடிவிடும். தொலைவில் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. கைபேசியின் ஜிபிஎஸ்ஸும் அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் சில மீட்டர் தடுமாறும். நாலு தடங்கள் பிரியும் சந்தியில் அந்தச் சில மீட்டரே போதும், தவறான தடத்தில் போய்விட. இங்கே துணைக்கு வருவது அடிமரங்களில் வெள்ளைச் சாயத்தில் வரைந்த அம்புக்குறிகள். 1965இல் தொடங்கிய சில்டர்ன் சொசைட்டியின் தன்னார்வலர்கள் இட்டவை. அம்பு தென்படாத இடத்தில் திசைகாட்டியை எடுங்கள். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கும் பழைய வேலை இப்போது இங்கே கிட்டத்தட்ட இல்லை. 2022 நவம்பரில் காந்த வடக்கு, மெய்வடக்கு, வரைபட வடக்கு மூன்றும் டார்செட் கடற்கரையோரம் லாங்டன் மேட்ராவர்ஸ் கிராமத்தில் ஒன்றுசேர்ந்தன. பூமியின் காந்தப்புலம் நகர்ந்துகொண்டே இருப்பதால் நேர்ந்தது இது. முள் காட்டும் திசையை இப்போதைக்கு அப்படியே வரைபடத்தில் வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் இன்னொரு சோதனையும் உண்டு: தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். வரைபடம் வலப்பக்கம் சரிவு என்று சொல்லும்போது கால் இடப்பக்கம் சரிவை உணர்ந்தால் நீங்கள் நிற்பது வேறு தடம்.

கூம் ஹில்லின் புல்வெளியில் ஐந்து நிமிடம் குனிந்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள். சத்தில்லாத மெல்லிய மண் என்பதால் எந்த ஒரு செடியும் ஓங்கி வளர்ந்து மற்றதை அமுக்க முடிவதில்லை. ஆடுகளும் முயல்களும் மேய்ந்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடும். அதனால் நல்ல சாக் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைத் தாவரங்கள் வரை எண்ணலாம். 1950களில் மிக்ஸோமட்டோசிஸ் நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது பல சரிவுகளில் முட்புதர் ஏறிவிட்டது. மேய்ச்சல் நின்றால் இந்தப் புல்வெளி நிலைக்காது. இங்கே ஆடு மேய்வது அழிவல்ல, காப்பு. நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் பிளவுபட்ட வாலைத் திருப்பித் திருப்பி வட்டமிடும் ரெட் கைட் பருந்துகள். இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த பறவை. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்ட சுமார் 90 பறவைகளிலிருந்து இன்றைய கூட்டம் பெருகியது. செங்குத்து முகத்தில் மோதி மேலெழும் காற்று அவற்றுக்குச் சிறகடிக்காமல் மிதக்கும் வசதி. நமக்கு எதிர்க்காற்று, அவற்றுக்கு ஏணி.

கடைசிப் பகுதிக்கு இரண்டு குறிப்புகள். வெண்டோவரை ஒட்டி ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதைக்கான வேலை நடப்பதால் ஊருக்குத் தெற்கே உள்ள சில நடைவழிகள் மூடப்பட்டோ மாற்றிவிடப்பட்டோ இருக்கலாம். புறப்படும் வாரத்தில் மாவட்ட அறிவிப்பைப் பார்த்து, தேவையானால் டன்ஸ்மோரிலிருந்து வேறு தடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கத் தடம் தேர்ந்தெடுக்கும்போது உயரக் கோடுகள் விலகி நிற்கும் தடத்தையே எடுங்கள், அரைக் கிலோமீட்டர் கூடினாலும் சரி. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது; அந்த வகை உழைப்புதான் தசை இழைகளில் நுண்காயங்களை உண்டாக்கி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க விடாமல் வலிக்கிறது. இருபது கிலோமீட்டர் நடந்து களைத்த தசைக்கு அது இன்னும் எளிதாக நேரும். கைக்கோல் இரண்டு இருந்தால் சுமையில் ஒரு பகுதி தோளுக்குப் போய்விடும். முதுகுப்பையில் காலையிலிருந்து மடித்தே வைத்திருந்தாலும், டன்ஸ்மோரில் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.